கம்பி கட்டிய கிளை

காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது, நாண் ஒரு பல் கீழே இறங்கியிருந்ததுதான்.

பட்டறையின் நடுவில் ஒரு தூண். அதில், கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில், ஓர் இரும்புத் தாங்கி. தாங்கியின் மேல் வில்லைப் படுக்கை வாட்டில் வைத்து, நாணைக் கீழ்ப்பக்கம் தொங்கவிட்டிருந்தாள். தாங்கிக்குக் கீழே தூணோடு அறைந்த பலகையில் வரிசையாகப் பற்கள் வெட்டியிருந்தன. நாணை இழுத்து ஒரு பல்லில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று, வில்லின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று பார்க்க வேண்டும். முரண்டு பிடிக்கிற இடத்தில் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். பிறகு இன்னொரு பல் கீழே. மரத்துக்கு வளையப் பழக்கும் வேலை இது. அவசரப்பட்டால் படாரென்று இரண்டாகிவிடும்.

நேற்று மாலை மேல்மாடித் தையல் மெஷின் சத்தத்தில் தலை வெடித்துவிடும் போலிருக்க, நாணை மூன்றாம் பல்லிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். விட்டிருக்கக் கூடாது. இழுத்த வில்லை அப்படியே விட்டுப் போவது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போவதைப் போல. ஆனால் விட்டது மூன்றாம் பல்லில். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இப்போது நாண் நான்காம் பல்லில் விறைத்து நின்றது.

"எல்லாம் மேல இருக்கற பிசாசோட வேலை," என்று வாய்விட்டே சொன்னாள்.

மேலே இருந்த பிசாசு அவளுடைய தம்பி. அப்பா அம்மா போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கீழ்த்தளம் அவளுக்கு, மாடி அவனுக்கு. உள்ளே இருந்த படிக்கட்டைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். தண்ணீர்க் குழாயையும் ஆளுக்கொன்றாக்கினார்கள். பழைய குழாய் இந்தத் தூணை ஒட்டித்தான் மேலே போயிருந்தது. குழாயைப் பிடுங்கிய இடத்தில், வில்லுக்கு நேர் மேலே, கூரையில் மூன்று விரல் நுழையும் ஓட்டை ஒன்று மிஞ்சியது. அதைப் பூசுவது யார் பொறுப்பு என்பதில் ஒரு பெரிய சண்டை. அதனால் ஓட்டை அப்படியே இருந்தது.

அவன் அதில் கிழிந்த துணியைத் திணித்து வைத்திருந்தான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துணியைப் பிடுங்கிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, "கீழ இருக்கறவங்களே! மனுஷன் குடியிருக்கறதா வேணாமா?" என்பான். அக்கா என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. சில நாள் வாய் வராது, கண் வரும். என்ன செய்கிறாள் என்று வேவு பார்ப்பான். அவள் நிமிர்ந்தால் ஓட்டைக்குள் ஈரமாக ஒன்று மினுங்கிவிட்டு மறையும். அவளுக்கு அவன் வாயைக் காட்டிலும் அந்தக் கண்ணின் மேல்தான் வெறுப்பு அதிகம்.

வில் அவளுடைய தொழில் இல்லை. நாற்காலிக்குக் கால் மாற்றுவாள், கட்டிலுக்குச் சட்டம் அடிப்பாள். ஊரில் புதிதாக வில்வித்தை சொல்லிக்கொடுக்க வந்த பயிற்சியாளர்தான் ஒருநாள் வந்து நின்றார். "வெளியூர் மரம் வேணாம்ங்க. இங்கயே வளர்ற மரத்துல ஒண்ணு செஞ்சு குடுங்க. எந்த மரம்னு நீங்களே பாத்துக்குங்க," என்றார். மரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒருவர் தன்னிடம் விட்டதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒவ்வொரு மரத்திலும் விரல் தடிமனுக்கு ஒரு சிம்பு அறுத்தாள். முழங்காலில் வைத்து வளைத்து விட்டுப் பார்த்தாள். தேக்கு அழகாக இருந்தது, அழகாகவே முறிந்தது. வேம்பு வளைந்தது, வளைந்தபடியே உட்கார்ந்துவிட்டது, சுத்தச் சோம்பேறி. புளி அசைந்தே கொடுக்கவில்லை. மாமரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அதற்கு மரியாதை. மூங்கில் நன்றாகத்தான் இருந்தது. பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கி, "அது எல்லாரும் செய்றதுதானே," என்றுவிட்டார். வில்லுக்கு வேண்டியது கெட்டியான மரமும் இல்லை, இளகிய மரமும் இல்லை. எவ்வளவு வளைத்தாலும் தன் நேரை மறக்காத மரம்.

கடைசியில் மூலையில் காய்ந்துகொண்டிருந்த கொய்யாக் கிளையில் ஒரு சிம்பு அறுத்தாள். வளைத்தாள். அது அவள் விரலை உதறிக்கொண்டு நிமிர்ந்தது. மயிரிழைகூடக் கோணவில்லை. மறுபடி வளைத்தாள், மறுபடி உதறியது. எத்தனை முறை வளைத்தாலும் முதல் தடவையைப் போலவே நிமிர்ந்தது.

அந்தக் கொய்யா பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் தானாக முளைத்தது. வெளிச்சத்தைத் தேடிக் கவடு பிரியாமல் நெட்டாக வளர்ந்து, தம்பியின் ஜன்னலைத் தட்ட ஆரம்பித்தது. காற்றடித்தால் போதும், டொக், டொக். வெட்டச் சொன்னான். வேர் என் பக்கம், வெட்ட மாட்டேன் என்றாள். மரத்தின் மேல் பாசம் ஒன்றுமில்லை, அவன் தூக்கம் கெடுவதில் ஒரு திருப்தி. அவன் கம்பி வாங்கி வந்து கிளையை வளைத்துச் சுவர் ஆணியில் கட்டினான். ஒவ்வொரு மழைக்கும் கிளை திமிறி நிமிரும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவன் கம்பியை இன்னும் ஒரு சுற்று முறுக்குவான். வருஷக்கணக்கில் இது நடந்தது. கம்பி மரத்துக்குள்ளேயே புதைந்துவிட்டது.

கடைசியில் மதில் விரிசல் விட ஆரம்பித்து, அவளே வெட்ட வேண்டியதாயிற்று. ரம்பம் பாதி போனதும் மரம் அதைக் கவ்விக்கொண்டது. ஆப்பு அடித்து மிச்சத்தை அறுத்தபோது கிளை ஓர் உதறு உதறி அவள் தாடையில் அறைந்தது. கட்டிப்போட்டு வளர்த்த மரத்தை வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? இழுபட்ட முறுக்கு உள்ளேயே நிற்கும். அறுக்கும்போது திருகும், ஆளை அடிக்கும். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அடுப்புக்குப் போடச் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தச் சிம்பு நிமிர்ந்த விதத்தைப் பார்த்தபின் அவளுக்கு வேறு மரம் பிடிக்கவில்லை.

கம்பி பதிந்த தழும்பு, வில்லில் கைப்பிடிக்கு வரும் இடத்தில் கறுப்பாக ஒரு வளையமாக விழுந்திருந்தது. அழகாக இருக்கிறது என்று அதைச் சுரண்டாமல் விட்டாள். அதே கிளையின் நுனிக் குச்சியைச் சீவி அளவுக்குச்சி செய்தாள். அதன் அடியை நாணில் பொருத்தி, கைப்பிடியை ஒட்டி மேலே நிற்க வைத்தால், நாண் எவ்வளவு இறங்குகிறது என்று தூணில் போட்ட கோடுகளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கோட்டைத் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்பதற்காக நுனியைப் பென்சிலைப் போலக் கூராக்கியிருந்தாள்.

வேலை செய்தபடியே திட்டுவது அவள் வழக்கம். கண்ணாடிச் சில் மரத்தில் ஒருமுறை போய்வந்தால் ஒரு வசவு. "என் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கற கண்ணு அவிஞ்சு போக." சர்ரக். "அவிஞ்சே போக." சர்ரக். சீவல் சுருள் சுருளாக விழும். ஒரு பாட்டைப் போல அது கைக்கு ஒரு சீரைக் கொடுத்தது. வில் முழுவதையும் அவள் இப்படித்தான் இழைத்து முடித்தாள்.

இப்போது நாணைப் பல்லிலிருந்து எடுத்து, கழற்றி, வில்லைச் சுவர் ஆணியில் மாட்டினாள். நாணை மேசை இழுப்பறையில் போட்டாள். வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வில் தூணில் இருந்தது. நாண் ஏறியிருந்தது. அளவுக்குச்சி அதன் இடத்தில் நின்றது. ஐந்தாம் பல்.

அவள் சுத்தியலை எடுத்துத் தூணில் ஓங்கி அடித்தாள். "மேல இருக்கறவனே! என் சாமான்ல கை வெச்சியா?"

மெஷின் நின்றது. நாற்காலி நகர்ந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து காலடிகள் தூண் வரைக்கும் வந்தன. துணியைப் பிடுங்கும் சத்தம்.

"பைத்தியம் ஏதாவது பிடிச்சிருக்கா? கதவு உங்களது, பூட்டு உங்களது. நான் என்ன பல்லியா, கூரைல ஊர்ந்து வர்றதுக்கு?"

"கம்பிய விட்டு இழுத்திருப்ப. உன் புத்தி தெரியாதா எனக்கு?"

"மேல இருந்து கம்பி விட்டா மேலதான் இழுக்க முடியும். இதுகூடத் தெரியாம ஆசாரி வேலையாம்." பிறகு குரல் மாறியது. "நீங்கதான் என்னத் தூங்க விட மாட்டேங்கறீங்க. விடிய விடிய டொக் டொக்குனு தட்டறது. அந்தக் கொய்யா மரம் தட்டின மாதிரியே. அதான் மரத்த வெட்டியாச்சே, இன்னும் என்னதான் வேணும்?"

"நான் எதுக்குத் தட்டறேன்?"

"வேற யாரு தட்டறாங்க? சரியா இந்த ஓட்டைக்கிட்ட."

துணி மறுபடி அடைபட்டது. அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். கூரையைப் பார்த்தாள். ஓட்டையைச் சுற்றிப் பூச்சில் சின்னச் சின்னக் குழிகள், கொத்திக் கொத்திப் பார்த்ததைப் போல. வில்லின் முதுகில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள். அளவுக்குச்சியின் கூர் முனையிலும் சுண்ணாம்பு. நாண் தளர்ந்திருக்கும்போது அந்தக் குச்சி கூரையை எட்டும் நீளம்தான். அது எட்டும் என்பதை அவள் இதுவரை யோசித்ததே இல்லை.

மேலே இருந்து கீழே இழுக்க முடியாது. அவன் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு எரிச்சல் மெல்ல அடங்கி, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கீழே நின்று இழுத்திருக்க வேண்டும். கீழே அவளைத் தவிர யாருமில்லை.

அன்று வானம் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. சாயங்காலத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பட்டறையில் பழைய வார்னிஷ், பசை, மரத்தூள், எலி மருந்து வாசனைகளுக்கு நடுவே புதிதாக ஒரு வாசனை வந்தது. கசக்கிய கொய்யா இலை வாசனை. பச்சை வாசனை. ஒரு கோடை முழுக்கக் காய்ந்த கட்டை அது, தட்டினால் மணி போல ஒலிக்கும் அளவுக்கு ஈரம் வற்றியது. அவள் தழும்பின் மேல் விரலை வைத்தாள். விரல் நனைந்தது.

நாளைக்கே பயிற்சியாளரைக் கூப்பிட்டு இது சரிப்படாது என்று சொல்லிவிட வேண்டும். அதுவரைக்கும் இது தூணில் ஏறக் கூடாது. அவள் நாணைக் கழற்றினாள். அலமாரிக்கு அடியில் தேடி, கையில் அகப்பட்டதை எடுத்து, வில்லையும் அளவுக்குச்சியையும் சேர்த்து மேசைக் காலோடு வைத்து இறுகக் கட்டினாள். குறடால் ஒரு சுற்று முறுக்கினாள். இன்னும் ஒரு சுற்று. முறுக்கி முடித்த பிறகுதான் பார்த்தாள், கையில் இருந்தது அந்தப் பழைய கம்பி. கிளையிலிருந்து தோண்டி எடுத்து அவள் அங்கே எறிந்திருந்த அதே கம்பி.

அவிழ்த்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவிழ்த்திருக்கலாம். கட்டை கட்டையாகவே கிடந்தது. அவள் முகம் கழுவிக்கொள்ளப் பின்கட்டுக்குப் போனாள்.

முகத்தில் சோப்பு இருக்கும்போது கேட்டது. கிரீச்.

ஒரு கனமான ஆள் பழைய கட்டிலில் புரண்டு படுப்பதைப் போன்ற சத்தம். பிறகு டக். பல்லில் நாண் விழும் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். கிரீச். டக். சோப்பு கண்ணில் எரிய, அவள் ஓடிவந்தாள்.

மேசைக் காலடியில் கம்பி அவிழ்ந்து கிடந்தது. வில் தூணில் இருந்தது. நாண் எட்டாம் பல்லைத் தாண்டியிருந்தது.

அறையில் யாரும் இல்லை. மழை. மேலே மெஷின், ஜன்னல் பக்கத்தில், கடகடவென்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாண் நடுங்கியது. நடுவில் ஒரு கை பிடித்து இழுப்பதைப் போல முக்கோணமாக இறுகி, பல்லை விட்டு வெளியே வந்து, கீழே இறங்கி, அடுத்த பல்லில் போய் உட்கார்ந்தது. டக்.

எந்த மரமும் இவ்வளவு வளையாது. தேக்கு எப்போதோ தெறித்திருக்கும். மூங்கில்கூடப் பிளந்திருக்கும். இது பிளக்கவில்லை. வில்லின் இரண்டு கைகளும் கீழே, கீழே குனிந்துகொண்டே வந்தன, குனிவதில் ஒரு பணிவும் இல்லாமல். தழும்பிலிருந்து நீர் கசிந்து தூண் வழியாக வடிந்தது. பலகையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பல்.

அறுத்துவிடலாம். உளியை எடுத்துவிட்டாள். எடுத்த கை பாதியில் நின்றது. இழுத்து நிற்கும் நாணை அறுப்பதும் விடுவதும் ஒன்றுதான். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் வெளியே வரும். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாணை இரண்டு கையாலும் பிடித்து, பல்லிலிருந்து எடுத்து, பாரத்தைத் தான் தாங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல மேலே போக விட வேண்டும். எத்தனையோ தடவை செய்ததுதான்.

உளியை எறிந்தாள். நாணைப் பிடித்தாள். டக் என்று கடைசிப் பல்லில் விழுவதற்கு முன் அவள் கையில் விழுந்தது.

அவ்வளவு பாரம் எங்கிருந்து வந்தது? தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. மேலே போக விடப் பார்த்தாள். இம்மிகூட மேலே போகவில்லை. விட்டால் ஒரேயடியாகப் போகும், இல்லாவிட்டால் போகவே போகாது. கீழே, பல்லில் மாட்டிவிடலாம் என்று பார்த்தாள். பலகை முழுக்க வழுவழுவென்று இருந்தது. அவள் உளியால் வெட்டிய பற்கள் ஒன்றுகூட இல்லை. வேறு வழியில்லாமல் தலையை அண்ணாந்து பார்த்தாள்.

அப்போதுதான் புரிந்தது.

இடது கை எப்போதோ நாணை விட்டு நழுவி வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நாணைப் பிடித்திருந்த வலது கையின் மூன்று விரல்களுக்கு நடுவே அளவுக்குச்சி நின்றது. குச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் இரண்டு. அம்பைப் பிடிப்பது இப்படித்தான் என்று பயிற்சியாளர் ஒருநாள் வெறுங்கையால் பிடித்துக் காட்டிய அதே பிடி. குச்சி நேராக மேலே போனது. கைப்பிடியை, கறுப்புத் தழும்பைத் தொட்டுக்கொண்டு அதன் கூர் முனை நின்றது. முனைக்கு நேர் மேலே ஓட்டை.

எட்டிப் பாக்கற கண்ணு அவிஞ்சு போக.

எத்தனை முறை சொல்லியிருப்பாள். மனதில் இருந்ததா? இருந்தது. சொல்லும்போதெல்லாம் இருந்தது. இப்போது இல்லை. இப்போது அவள் உடம்பில் இருந்ததெல்லாம் பயம் மட்டும்தான், அவனுக்காக, அந்தப் பாவிக்காக. சின்ன வயதில் ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் அவளிடம் ஓடிவருவான். "நீயே கோத்துக் குடுக்கா," என்பான்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஜன்னல் பக்கத்தில் இருக்கிறான். அங்கேயே இருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு நேரம் இருப்பான்? ஒரு சின்னச் சத்தம் போதும், ஓட்டைக்கு வந்துவிடுவான். அவள் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. அவன் வீட்டை விட்டே போக வேண்டும்.

"டேய்! மாடிய விட்டு வெளிய போ! போயிடு!"

மழை. மெஷின். துணி அடைத்த ஓட்டை.

"வெளிய போடா! தம்பி!"

அந்த ஒரு சொல் மட்டும் மேலே போயிருக்க வேண்டும். அது அவள் வாயில் வந்தே பல வருஷம்.

மெஷின் நின்றது.

"வராத!" என்று கத்தினாள். "அங்கயே இரு! வராத!"

நாற்காலி நகர்ந்தது. காலடி. எப்போதும் போலக் கோபமாகத் தரையை மிதிக்காத காலடி. ஓடிவரும் காலடி. ஜன்னலிலிருந்து அறையின் நடுவுக்கு. அறையின் நடுவிலிருந்து தூணுக்கு. தலைக்கு மேல் இரண்டு முழங்கால்கள் தரையில் ஊன்றின.

நாண் ஈரமாக இருந்தது. அவள் வியர்வையா, மரத்தின் நீரா, தெரியவில்லை. முதல் விரல் நழுவியது.

துணி மேலே போனது. வெளிச்சம் ஒரு குச்சியைப் போல இறங்கி, கூர் முனையில் பட்டது.

"அக்கா?" என்றான். "என்னக்கா ஆச்சு? ஒண்ணும் கேக்கலயே."

"பாக்காத! கண்ண எடு! தம்பி, கண்ண..."

குரல் வரவில்லை. மூச்சு மட்டும்தான் வந்தது. கைகளைப் பக்கவாட்டில் இழுத்தாள். தூண் அசையவில்லை. வில் அசையவில்லை. இரண்டாவது விரல்.

"இரு, இரு. பாக்கறேன்," என்றான்.

வெளிச்சம் மறைந்தது.

ஓட்டைக்குள் ஈரமாக ஒரு கண். வேவு பார்க்க வராத கண். அது அங்கும் இங்கும் அலைந்து, இருட்டில் அவளைத் தேடி, கண்டுபிடித்து, அவள் முகத்தின் மேல் கவலையோடு நின்றது.

அவள் கையில் கடைசியாக ஒரு விரல் இருந்தது. மரம் நிமிரத் தொடங்கியது.